உங்கள் அழுகை கரு தங்காததற்குக் காரணம் அன்று

மேலோட்டமாகப் பார்த்தால், நீங்கள் கேட்டிருப்பது மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு வழி. இரண்டு முறை ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பைக்குள் பதிக்கும் சிகிச்சை) செய்தும் கரு தங்கவில்லை என்றும், இரண்டாவது முறை பொய்த்துப்போன பிறகு மூன்று மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை என்றும், அலுவலகத்தில் ஒருவர் தாம் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னபோது வாழ்த்திவிட்டுக் கழிவறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு அழுததாகவும் எழுதியிருக்கிறீர்கள். "மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, நிம்மதியாக இருந்தால் தானாகத் தங்கும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அதனால் மூன்றாவது முறைக்குப் போவதற்கு முன் மனதை எப்படிச் சரிசெய்துகொள்வது என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் வேறு இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பதாக எனக்குப் பட்டது. என் அழுகையால்தான் கரு தங்காமல் போயிற்றா என்பது ஒன்று. எனக்கு வந்திருப்பது துக்கமா, நோயா என்பது இன்னொன்று. குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு வருகிறவர்களிடையே மனநல ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். நான் மருந்து எழுதித் தரும் மருத்துவர் இல்லை. உங்களை நேரில் பார்க்கவும் இல்லை. இந்த இரண்டு எல்லைகளையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். உங்கள் அழுகை கருவைக் கலைக்கவில்லை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி போய்வினும் அவருடைய சக ஆய்வாளர்களும், சிகிச்சைக்கு வந்த 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை தொடங்கும் முன் ஒரு பெண்ணுக்கு இருந்த பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும், அந்தச் சிகிச்சைச் சுழற்சியில் அவர் கருத்தரித்தாரா இல்லையா என்பதற்கும் தொடர்பு இருப்பதாக அவர்களுக்குத் தெரியவரவில்லை. மிகவும் கலங்கிப்போய் வந்தவர்களும் கருத்தரித்தார்கள். அமைதியாக வந்தவர்களுக்கும் பொய்த்துப்போனது. பதித்த கரு தங்காமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம், அந்தக் கருவின் குரோமோசோம்களிலேயே இருக்கும் பிழை. பெண்ணின் வயது கூடக்கூட அந்தப் பிழை நேரும் வாய்ப்பும் கூடுகிறது. கரு கருப்பைக்குள் போவதற்கு முன்பே அது முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் அழுதாலும் சிரித்தாலும் அதை மாற்ற முடியாது.

இதற்கு அப்பால் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாத ஒரு பகுதியும் இருக்கிறது. கடுமையான உடல் மெலிவு, அளவுமீறிய உடற்பயிற்சி, மிகத் தீவிரமான மன அதிர்ச்சி ஆகியவற்றால் சில பெண்களுக்குக் கருமுட்டை வெளியாவதே நின்று, மாதவிலக்கும் நின்றுபோவதுண்டு. இது மருத்துவம் அறிந்த உண்மை. ஆனால் ஐவிஎஃப் முறையில் கருமுட்டையை வளர்ப்பது ஊசி மருந்து. ஆகவே அந்தத் தடை இங்கே பொருந்தாது. இயற்கையாகக் கருத்தரிக்க முயல்கிறவர்களுக்கு அன்றாட மன அழுத்தம் சிறிது தாமதத்தை உண்டாக்குமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மறைமுகமான வழிகள் இருக்கின்றன என்பது மட்டும் தெளிவு. மனம் நொந்தவர்கள் புகையும் மதுவும் கூட்டிக்கொள்ளலாம், தாம்பத்திய நெருக்கம் குறையலாம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிகிச்சையையே பாதியில் விட்டுவிடலாம். செலவு ஒரு தடையாக இல்லாத இடங்களிலும் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அதற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணங்களில் மனச்சுமையும் ஒன்று. "தத்து எடுத்தார்கள், உடனே தங்கியது" என்ற கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பரிசோதனையில் காரணம் எதுவும் தெரியாத தம்பதிகளில் சிலருக்குச் சிகிச்சை இல்லாமலே கருத்தரிப்பதுண்டு. அந்தச் சிலரின் கதைதான் வாய்வழியாகப் பரவுகிறது. தத்து எடுத்தும் கருத்தரிக்காதவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

நிம்மதியாக இரு என்ற அறிவுரையின் மேல் எனக்கு இருக்கும் வருத்தத்தை மறைக்கப் போவதில்லை. சொல்கிறவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிற பெண்ணுக்கு அது, தோல்வியின் பொறுப்பு முழுவதையும் அவள் தலையில் ஏற்றி வைப்பதாக ஆகிவிடுகிறது. கரு பதித்த பிறகு கண்ணீர் வந்தாலே பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுகையை விழுங்குகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே இருந்த துயரத்தோடு, துயரப்படுவது குற்றம் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: நீங்கள் அழலாம். உங்கள் மனதைக் கவனித்துக்கொள்வது குழந்தை பிறப்பதற்கான ஒரு உபாயம் அன்று. குழந்தை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் அந்த மனதோடு வாழப்போகிறவர் நீங்கள் என்பதே அதைக் கவனிக்கப் போதுமான காரணம்.

இந்தத் துயரம் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விளங்குவதில்லை. மற்ற இழப்புகள் ஒருமுறை நேர்கின்றன. பிறகு காலம் நகர்கிறது. இதுவோ மாதந்தோறும் நம்பிக்கையாகத் தொடங்கி இழப்பாக முடிகிறது. முடிந்த சில நாட்களிலேயே அடுத்த நம்பிக்கையைத் தொடங்கச் சொல்கிறது. சிகிச்சைக்குள் வந்துவிட்டால் இந்தச் சுழற்சி இன்னும் கூர்மையாகிறது. எத்தனை கருமுட்டை கிடைத்தது, எத்தனை கருவானது, ஐந்தாம் நாள் எத்தனை மிஞ்சியது என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. கரு பதித்ததிலிருந்து ரத்தப் பரிசோதனை வரையிலான ஏறத்தாழ இரண்டு வாரக் காத்திருப்புதான் சிகிச்சையிலேயே மிகக் கொடியது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். அதுவரை தினமும் ஸ்கேன், ஊசி, செவிலியர் என்று செய்வதற்கு ஏதாவது இருந்தது. இப்போது காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே பெண் தன் உடம்பையே ஒற்றுப் பார்க்கத் தொடங்குகிறாள். மார்பில் வலி இருக்கிறதா என்று குளியலறையில் அழுத்திப் பார்க்கிறாள். அடிவயிற்றில் ஒரு சுருக்கென்ற வலி வந்தால் அது தங்கியதன் அறிகுறியா, மாதவிலக்கின் அறிகுறியா என்று நள்ளிரவில் தேடிப் படிக்கிறாள். பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு தெரியாதபோது அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள். கருவைத் தாங்குவதற்காகத் தரப்படும் புரோஜெஸ்டிரோன் மருந்தே மார்பு வலியையும் வயிற்று உப்புசத்தையும் சோர்வையும் கொடுக்கும், மாதவிலக்கையும் தள்ளிப்போடும். இதை முன்கூட்டியே யாராவது விளக்கியிருந்தால், உடம்பு தன்னை ஏமாற்றிவிட்டது என்ற கசப்பாவது குறைந்திருக்கும். இரண்டு முறையும் உங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்து ஊகிக்கிறேன்.

துக்கம் விசாரிக்க ஆள் வராத இழப்பு இது என்பது இன்னொரு பாரம். இறந்தவர் என்று எவரும் இல்லை. பெயர் இல்லை, படம் இல்லை, நினைவு நாள் இல்லை. இருந்தும் உங்கள் மனதில் அந்தக் குழந்தைக்கு ஒரு வயதும் முகமும் இருந்திருக்கும். எது முடிந்தது, எது இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தெளிவாகத் தெரியாத இத்தகைய இழப்புகளைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். சமூகம் துக்கமென்றே ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி துக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1980-களின் இறுதியில் எழுதினார். இந்த இரண்டு வகையிலும் அடங்கும் இழப்பு உங்களுடையது. அழுது முடிக்க ஒரு நாள் குறிக்கப்படாததால், அது எந்த நாளிலும் வரக்கூடும். கடையில் சின்னஞ்சிறு காலுறையைப் பார்த்தவுடன்கூட வரும்.

அலுவலகத்தில் நடந்ததைப் பற்றி எழுதும்போது, "நான் இவ்வளவு கெட்டவளா" என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். பொறாமைதான் பெண்கள் எங்களிடம் கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒப்புக்கொள்கிற விஷயம். அழுகையைச் சொல்லிவிடுவார்கள், கோபத்தைச் சொல்லிவிடுவார்கள். நெருங்கிய தோழியின் நல்ல செய்தியைக் கேட்டு நெஞ்சு எரிந்தது என்பதைச் சொல்ல மட்டும் நாள் பிடிக்கும். அந்தத் தோழிக்கு எந்தக் கெடுதலும் நேர வேண்டும் என்று நீங்கள் நினைக்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைத்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம்தான் அந்த உருவத்தில் வருகிறது. அத்தகைய அறிவிப்பை நேரில் கேட்கும்போது முகத்தைச் சமாளிக்க வேண்டிய கூடுதல் வேலை உங்களுக்கு வந்துவிடுகிறது. ஆகவே நெருக்கமானவர்களிடம், இப்படிப்பட்ட செய்தியை முதலில் எழுத்தில் சொல்லுங்கள், நான் பிறகு அழைத்துப் பேசுகிறேன் என்று கேட்டுக்கொள்ளலாம். சில மாதங்களுக்குச் சில கூட்டங்களுக்குப் போகாமல் இருப்பதிலும் தவறில்லை. எந்தக் கூட்டத்துக்கும், எந்த நண்பரிடமும் போக முடியவில்லை என்ற அளவுக்கு வட்டம் சுருங்கும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

உங்கள் கணவர் இதைப் பற்றிப் பேச மறுக்கிறார், அவருக்கு வலிக்கவே இல்லை போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு மருத்துவ உண்மையை முதலில் வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்வில் எப்போதாவது குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார். இந்தத் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது, தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. ஆனால் காரணம் யாரிடம் இருந்தாலும் சிகிச்சை பெண்ணின் உடம்பின்மேல்தான் நடக்கிறது. விந்தணு மிகக் குறைவாக இருப்பதற்காக ஐவிஎஃப் செய்தாலும் ஊசி போட்டுக்கொள்பவளும், மயக்க மருந்து வாங்கி முட்டையை எடுக்கக் கொடுப்பவளும் அவளே. அதனால் இழப்பும் அவளுடைய உடம்பின் தோல்வியாகவே எல்லோர் கண்ணுக்கும் படுகிறது. அவள் கண்ணுக்கும் அப்படியே படுகிறது. ஆணின் துக்கம் வேறு முகம் காட்டலாம். பெரும்பாலான ஆண்கள், தாமும் உடைந்தால் மனைவியைத் தாங்க ஆளில்லை என்று எண்ணி வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த மௌனத்தை மனைவி அலட்சியம் என்று படித்துக்கொள்கிறாள். உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உண்மையாகவே விலகிப்போகிற கணவர்களும் இருக்கிறார்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நாளுக்கு இருபது நிமிடம் மட்டும் இதைப் பற்றிப் பேசுவது, நேரம் முடிந்ததும் வேறு பேச்சுக்கு மாறிவிடுவது என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். பேச்சுக்கு ஒரு முடிவு உண்டு என்று தெரிந்தால் பேசத் தயங்குகிறவர்கள் வாய் திறக்கிறார்கள். ஓயாமல் பேசத் தவிக்கிறவர்களுக்கும் கேட்க ஒருவர் உறுதியாக இருப்பார். தாம்பத்திய உறவு, நாள் பார்த்துச் செய்கிற கடமையாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தால், அதையும் இந்த இருபது நிமிடங்களில் கூச்சமில்லாமல் பேசிவிடுவது நல்லது. சிகிச்சையில் இருக்கும் தம்பதிகளுக்கு இது மிகச் சாதாரணமாக நேர்வது.

மருந்துகளையும் மறந்துவிடக் கூடாது. கருமுட்டை வளரத் தரப்படும் குளோமிஃபீன் மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் மனநிலை ஏற்றத்தாழ்வையும் கொடுக்கிறது. ஐவிஎஃப்பின் தொடக்கத்தில் சில முறைகளில் தரப்படும், சினைப்பையை அடக்கி வைக்கும் ஊசிகள், மாதவிடாய் நிற்கும் வயதில் வருவது போன்ற உடல் வெப்பத்தையும் தூக்கக் குறைவையும் அழுகையையும் கொண்டுவரலாம். அவை நிறுத்திய சில வாரங்களில் அடங்கிவிடும். உங்களுக்கு மருந்து நின்று மூன்று மாதமாகியும் தூக்கம் திரும்பாததால், மருந்தின் மேல் பழி போட்டுக் காத்திருக்க இனி இடமில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் நிலை கற்பனையோ பலவீனமோ அல்ல என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஆலிஸ் டோமரும் அவர் குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைப்பேறின்மைக்காக வந்த பெண்களின் பதற்ற, மனச்சோர்வு மதிப்பெண்கள் புற்றுநோயாளிகள், இதய நோயாளிகள் ஆகியோரின் மதிப்பெண்களுக்கு இணையாக இருந்தன. ஆனாலும் துயரம் எல்லாம் நோய் ஆகாது. துக்கம் அலையாக வரும். அலைகளுக்கு நடுவே பசி எடுக்கும், யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரிப்பு வரும், நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை நினைவுக்கு வரும். மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன. இரண்டு வாரங்களுக்கு மேல், ஏறத்தாழ எல்லா நாளும், நாளின் பெரும்பகுதியும், எதிலும் பிடிப்பு இல்லாமலும் தூக்கமும் பசியும் கெட்டும், தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணத்தோடும் இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நீங்கள் எழுதியதில் தூக்கமின்மையும் தன்னை வெறுப்பதும் தெரிகின்றன. வேலைக்குப் போய்வருவதும் தெரிகிறது. இதை வைத்து நோய் உண்டு, இல்லை என்று சொல்வது பொறுப்பற்ற செயல். மூன்று மாதத் தூக்கமின்மை ஒன்றே ஒரு முறையான மதிப்பீட்டுக்குப் போதுமான காரணம் என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன். இருந்து என்ன பயன், செத்துப்போனால் என்ன என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்கள், கர்ப்பத்துக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தாமாக நிறுத்துவதையும் அடிக்கடி பார்க்கிறேன். திடீரென நிறுத்துவது ஆபத்தாக முடியலாம். எந்த மருந்தைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதை மனநல மருத்துவரும் கருத்தரிப்பு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய முடியும்.

ஆலோசனையும் மனப்பயிற்சிகளும் உதவுமா என்று கேட்டால், பதற்றத்தையும் சோர்வையும் குறைக்க உதவும் என்பதற்கு நல்ல ஆதரவு இருக்கிறது. எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் சிகிச்சை முறைகளும், இதே நிலையில் இருக்கும் பெண்கள் கூடிப் பேசும் குழுக்களும் பலருக்குப் பயன்பட்டிருக்கின்றன. கருத்தரிக்கும் வாய்ப்பை அவை கூட்டுமா என்பது வேறு விஷயம். கூட்டும் என்று சில தொகுப்பாய்வுகள் சொல்லியிருந்தாலும், அடிப்படை ஆய்வுகளின் தரம் குறைவு என்பதால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட மதிப்பாய்வு உறுதியான முடிவுக்கு வரவில்லை. ஆகவே மனதைப் பக்குவப்படுத்திக் கர்ப்பம் உறுதி என்று பயிற்சித் தொகுப்பு விற்கிறவர்களிடமிருந்து விலகி இருங்கள். பொய்த்துப்போகும்போது, நீ சரியாகப் பயிற்சி செய்யவில்லை என்று அவர்களும் உங்களையே காட்டுவார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களில், கரு தங்கிச் சில வாரங்களில் கலைந்துபோனவர்களும் இருப்பீர்கள். ஆரம்பகாலக் கருச்சிதைவும் கருக்குழாய்க் கர்ப்பமும் நேர்ந்த பெண்களை லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் கழித்து 29 சதவீதத்தினருக்கும் ஒன்பது மாதம் கழித்து 18 சதவீதத்தினருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் இருந்தன. அது சின்ன விஷயம்தானே, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று உங்களிடம் சொன்னவர்கள் இதை அறிந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது முறைக்கு இப்போதே போவதா, இடைவெளி விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வயதை எழுதவில்லை. பதில் அதைப் பொறுத்தது. முப்பதுகளின் தொடக்கத்திலோ அதற்குக் கீழோ இருந்து, கருமுட்டை இருப்பும் போதுமான அளவில் இருந்தால், சில மாத ஓய்வால் பெரிய இழப்பு எதுவும் வராது. முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தால் காலத்தின் கணக்கு வேறு. மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும். உறைநிலையில் கரு சேமிக்கப்பட்டிருந்தால் அந்தக் கருவுக்கு வயது ஏறுவதில்லை என்பதால் நிதானிக்க இன்னும் இடம் உண்டு. ஓய்வெடுத்தால் மனம் தேறிக் கரு தங்கும் என்பதற்காக ஓய்வெடுக்காதீர்கள். தூங்கவும் சாப்பிடவும் இதைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசவும் உங்களுக்குக் கொஞ்ச காலம் வேண்டும் என்றால் அதற்காக எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை வரை முயல்வது என்பதையும் அடுத்த சுழற்சி தொடங்கும் முன்பே இருவரும் பேசி வையுங்கள். தோல்விச் செய்தி வந்த வாரத்தில் எடுக்கும் முடிவுகள், தொடர்வதாக இருந்தாலும் நிறுத்துவதாக இருந்தாலும், பெரும்பாலும் வலியிலிருந்து தப்பிக்க எடுப்பவை. சிகிச்சை பலிக்காமல் நிறுத்தியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில், பெரும்பாலோர் மெல்ல மெல்லத் தேறியிருக்கிறார்கள். குழந்தை ஏக்கத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு நின்றவர்களைவிட, வாழ்க்கையில் வேறொரு பொருளுள்ள இலக்கைத் தேடிக்கொண்டவர்களின் மனநலம் மேலாக இருந்தது. இதை இப்போது ஆறுதலாக ஏற்க உங்களால் முடியாது என்று தெரியும். முடிய வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாவது முறைக்குப் போவதென்று முடிவு செய்தால், முதல் ஊசிக்கு முன்பே ஆலோசகரைச் சந்திக்க ஏற்பாடு கேளுங்கள். பொய்த்த பிறகு அனுப்பிவைப்பதுதான் பல இடங்களில் வழக்கம், அது தாமதம். ரத்தப் பரிசோதனையின் முடிவை யார், எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்வார்கள் என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் அலுவலகத்தில் இல்லாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். செய்தி நல்லதாக வந்தாலும் பதற்றம் அன்றோடு தீர்ந்துவிடாது. நெடுநாள் காத்திருந்து கருத்தரித்தவர்கள் முதல் மூன்று மாதங்களை ஒவ்வொரு ஸ்கேனாக எண்ணிக் கடக்கிறார்கள். ஆகவே ஆலோசகருடனான சந்திப்புகளை முடிவு வரும் நாளோடு நிறுத்தாமல், அதற்குப் பிறகான இரண்டு மாதங்களுக்கும் இப்போதே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.